அடுப்பு பற்றாத வெள்ளிக்கிழமை

எங்கள் சமையற்கூடத்தில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. கண்டக்டர் என்றால் போதும். அவர் பேருந்தை விட்டு இறங்கி எத்தனையோ வருஷமாகிவிட்டது, அந்தக் குரல் மட்டும் இன்னும் இறங்கவில்லை. வரிசை கொஞ்சம் நெளிந்தால் ஆரம்பித்துவிடுவார்: "முன்னாடி போங்க, முன்னாடி போங்க, உள்ள எடம் இருக்கு, படியில நிக்காதீங்க!" படியே இல்லாத முற்றத்தில் எந்தப் படியில் நிற்பது என்று புதிதாக வந்தவர்கள் விழிப்பார்கள். பழையவர்கள் சிரித்துக்கொண்டே நகர்ந்து நிற்பார்கள்.

நான் அங்கே வெங்காயம் நறுக்குகிறவள். எனக்கு வாய் நீளம் என்று ஒரு பேச்சு உண்டு. இருக்கட்டும். வாயை மூடிக்கொண்டு ஒரு மூட்டை வெங்காயம் நறுக்கிப் பார்த்தவர்கள் வந்து என்னிடம் பேசட்டும்.

அந்தச் சமையற்கூடத்தை மூன்று சபைகள் சேர்ந்து நடத்துகின்றன. கூடமும் அடுப்பும் எங்கள் பெரிய கோயிலுடையது. அரிசி, பருப்பு எல்லாம் தெருக்கோடியில் இருக்கும் பழைய கோயிலிலிருந்து வரும். தூபம், மெழுகுவத்தி, நீண்ட தாடி வைத்த சாமியார் என்று அவர்கள் வழியே தனி. வண்டியும் தூக்கி இறக்க ஆட்களும் மாடிச்சபை தருவது. டயர் கடைக்கு மேலே வாடகைக்கு ஆராதனை நடத்துவதால் அந்தப் பெயர். இந்த மூன்று கூட்டமும் ஞானஸ்நானத்தை எப்படிக் கொடுப்பது என்பதில் இன்றுவரை ஒத்துப்போனதில்லை. பருப்பில் ஒத்துப்போனார்கள். சுற்றிலும் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக மூடி, வாடகை ஏறி, கோயில் வாசற்படியிலேயே ஜனங்கள் வந்து படுக்க ஆரம்பித்த பிறகு ஒத்துப்போகாமல் என்ன செய்வது?

கண்டக்டர் முதலில் வந்தது வேலைக்கு அல்ல, சாப்பாட்டுக்கு. அவர் ஓடிய தடத்தை நிறுத்திவிட்டார்கள்; பேருந்துகளை விற்றுவிட்டார்கள். மனைவி அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். மகளைக் கையில் பிடித்துக்கொண்டு நகரத்தில் எங்கெங்கோ வரிசையில் நின்றிருக்கிறார். ஒரு தடவை வேறொரு இடத்தில், வெயிலில் நெடுநேரம் நின்று சன்னலை நெருங்கிய நேரத்தில், உள்ளேயிருந்தவன் "முடிஞ்சுபோச்சு" என்று சொல்லிச் சன்னலைச் சாத்திவிட்டானாம். மகள் அழவில்லை. அப்பாவின் முகத்தை நிமிர்ந்து பார்த்தாளாம். "அவ அழுதிருந்தா பரவாயில்லக்கா" என்று ஒரு நாள் என்னிடம் சொன்னார். அதோடு எழுந்து போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்துவிட்டார்.

அதனால் எங்கள் வரிசை அவர் கைக்கு வந்ததும் ஒரு சட்டம் போட்டார். இல்லையென்றால் இல்லையென்று முன்னாடியே சொல்லிவிட வேண்டும். பானையை எட்டிப் பார்ப்பார், வரிசையைப் பார்ப்பார், பின்னால் நிற்பவர்களிடம் நேராகப் போய், "இன்னைக்கு இங்க பத்தாது, நீங்க சீக்கிரம் ஸ்டேஷன் பக்கம் போயிடுங்க, அங்க ரொட்டி கிடைக்கும்" என்பார். அவர் உண்டு என்றால் உண்டு. அந்த முற்றத்தில் போதகரின் பிரசங்கத்தைவிட அவர் சொல்லுக்குத்தான் மதிப்பு அதிகம். இதைப் போதகரே ஒத்துக்கொள்வார்.

இனி அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன்.

பெரிய வெள்ளி எங்களுக்கு நோன்பு நாள். பச்சைத் தண்ணீரைத் தவிர எதுவும் கிடையாது, கோயில் வளாகத்தில் அடுப்பு மூட்ட மாட்டோம், நண்பகலிலிருந்து மூன்று மணி நேரம் ஆராதனை. பழைய கோயில்காரர்களுக்கும் அதே நோன்புதான். ஆனால் அவர்கள் பார்க்கும் பஞ்சாங்கம் வேறு. எங்கள் பெரிய வெள்ளிக்கு ஒரு வாரமோ, நாலைந்து வாரமோ கழித்துத்தான் அவர்களுக்குப் பெரிய வெள்ளி வரும். ஆகவே ஆரம்பத்திலேயே ஓர் ஏற்பாடு. எங்கள் வெள்ளிக்கு அவர்கள் வந்து சமைப்பார்கள். அவர்கள் வெள்ளிக்கு நாங்கள். மாடிச்சபை எங்கள் பஞ்சாங்கம்தான், அதனால் எங்களோடு சேர்த்தி. யாருடைய நோன்பும் கெடாது, ஏழைக்கும் சோறு தப்பாது. நல்ல ஏற்பாடுதான், குறை சொல்ல மாட்டேன்.

சில வருஷங்களில் இரண்டு பஞ்சாங்கமும் ஒரே நாளில் வந்து விழும். அந்த வருஷம் விழுந்தது. எங்களுக்குத் தெரிந்தது எங்கள் வெள்ளி, அவர்களுக்குத் தெரிந்தது அவர்கள் வெள்ளி. இரண்டும் ஒரே வெள்ளி என்று ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. அதற்கு முந்தின ஞாயிறு எங்கள் போதகரும் தாடிச் சாமியாரும் தெருவில் பார்த்துக்கொண்டார்களாம். "வெள்ளிக்கிழமைக்கு ரொம்ப நன்றி" என்றாராம் இவர். "ஐயோ, நாங்கள்லா நன்றி சொல்லணும்" என்றாராம் அவர். இரண்டு பேரும் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டு கும்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். கொஞ்சம் மரியாதை குறைந்த மனுஷராக ஒருவர் இருந்திருந்தால் அன்றைக்கே விஷயம் வெளியே வந்திருக்கும். எல்லாரும் பல்லக்கில் ஏறினால் தூக்குகிறவர் யார் என்று கேட்க ஆளில்லை.

அன்று காலை கண்டக்டர் வழக்கம்போல முற்றத்துக் கதவைத் திறந்தார். அவரிடம் இருப்பது அந்தச் சாவி மட்டும்தான். சமையற்கட்டுச் சாவி எங்கள் கோயில்பிள்ளையிடம் இருக்கும். கோயிலைத் திறந்து மூடி மணியடிப்பவர் அவர். பழைய கோயில்காரர்கள் என்றைக்குமே தாமதமாகத்தான் வருவார்கள். வந்தால் ஒரு படையாக வந்து, நாலு அடுப்பை ஒன்றாக மூட்டி, கண் மூடித் திறப்பதற்குள் முடித்துவிடுவார்கள். அதனால் அவருக்குச் சந்தேகம் எழவில்லை. விடுமுறை நாள் என்பதால் கூட்டம் அதிகம். தினக்கூலி வேலை எங்கேயும் கிடையாது, கடைகள் எல்லாம் அடைப்பு. வரிசை முற்றம் தாண்டித் தெருவுக்குப் போய்விட்டது.

நடுவில் ஓர் அம்மா நின்றிருந்தார். புதியவர். இடுப்பில் ஒரு பிள்ளை, முந்தானையைப் பிடித்தபடி ஒன்று. அவர் கண்டக்டரைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார்.

"ஐயா, இன்னைக்குச் சாப்பாடு உண்டுதானே? இல்லன்னா சொல்லிடுங்க. ஸ்டேஷன் பக்கம் ரொட்டி தர்றாங்களாம், உச்சிக்கு முன்னாடி போகணுமாம். பிள்ளைங்க நேத்துலருந்து சரியாச் சாப்பிடல."

கண்டக்டர் சமையற்கட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். புகை இல்லை. மூன்று கோயில்களையும் மலைபோல் நம்பினார்.

"உண்டும்மா. நில்லுங்க. இவங்க எப்பவும் லேட்டுதான்."

நேரம் போனது. புகை வரவில்லை. அவர் போதகருக்குப் போன் செய்தார், தாடிச் சாமியாருக்குச் செய்தார், மாடிச்சபைப் பாஸ்டருக்கும் செய்தார். ஜெப நாள், எல்லாப் போனும் அணைத்துக் கிடந்தது. வரிசையில் முணுமுணுப்பு கிளம்பியது. முன்னால் நின்ற தையற்காரருக்குச் சர்க்கரை வியாதி. தினமும் இந்தச் சாப்பாட்டை நம்பித்தான் ஊசி போட்டுக்கொள்வார். அவர் நெற்றியெல்லாம் வேர்த்து, கை நடுங்க ஆரம்பித்துவிட்டது.

"கண்டக்டரே, ஊசி போட்டுட்டு வந்துட்டேன்யா" என்றார். குரலே எழும்பவில்லை.

கண்டக்டர் பையில் எப்போதும் மிட்டாய் வைத்திருப்பார், கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போவதற்காக. அத்தனையையும் தையற்காரர் வாயில் போட்டு, சுவரோரம் உட்கார வைத்தார். பின்னாலிருந்து ஒருவன், "என்னப்பா, வண்டி பிரேக் டவுனா?" என்று கத்தினான். சிலர் சிரித்தார்கள். அது நல்ல சிரிப்பு இல்லை. போன வருஷம் இதே முற்றத்தில் ஒரு தள்ளுமுள்ளு நடந்து, இன்னொரு தடவை இப்படி நடந்தால் கூட்டம் கூட்ட அனுமதி கிடையாது என்று நகராட்சியிலிருந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். சமையற்கட்டுக்கு முன்னால் இருக்கும் வேலிக்கதவை யாரோ ஆட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது.

அந்த அம்மா மறுபடியும் கேட்டார். "ஐயா, வருமா?"

"இதோ போய்ப் பாத்துட்டு வந்துடறேன். யாரும் போயிடாதீங்க. என் வார்த்தைக்காக நில்லுங்க" என்று வரிசை முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டு ஓடினார். பேருந்தில் வருஷக்கணக்காக நின்று நின்று நரம்பு முடிச்சு விழுந்த கால்கள். அந்தக் காலோடு தெருக்கோடி வரை ஓடினார்.

பழைய கோயிலில் எல்லாரும் கறுப்பு உடுத்தித் தரையில் நெற்றி பதியக் கிடந்தார்கள். கடைசியில் கிடந்த ஒரு பெரியம்மாவைத் தொட்டு, சாப்பாடு எங்கே என்று கேட்டார். பெரியம்மா தலையை மட்டும் தூக்கினார்.

"இன்னைக்கு எங்க பெரிய வெள்ளி, தம்பி. எங்க வெள்ளிக்கு நீங்கதானே சமைப்பீங்க?"

"இன்னைக்கு அவங்க பெரிய வெள்ளி, பெரியம்மா."

பெரியம்மா எழுந்து உட்கார்ந்தார். பிறகு பெரியம்மா அந்த அமைதியான கோயிலில், "கெட்டுது குடி!" என்று சத்தமாகவே சொல்லிவிட்டார். அவர் எழுந்திருப்பதற்குள் கண்டக்டர் எங்கள் கோயிலை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு நடந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். ஆராதனை தொடங்கி, மௌன ஜெபத்துக்காக எல்லாரும் முழந்தாளிட்டிருந்தோம். ஊசி விழுந்தால் கேட்கும். கதவு திறந்தது. செருப்புக் காலோடு, சட்டையெல்லாம் வேர்வையாக, கண்டக்டர் நடுவழியில் வந்தார். எத்தனை வருஷமாக எங்கள் முற்றத்தில் இருக்கிறார், கோயிலுக்குள் அவரை அன்றுதான் பார்த்தேன்.

எங்கள் சபைச் செயலாளர் துள்ளி எழுந்து அவர் கையைப் பிடித்தார். "ஷ்ஷ்... மூணு மணிக்கு மேல பேசிக்கலாம், வெளியே வாங்க."

"மூணு மணிக்கு மேல யாருங்க இருப்பாங்க?" என்றார் கண்டக்டர். மெதுவாகத்தான் கேட்டார். ஆனால் பேருந்தின் கடைசி இருக்கை வரைக்கும் போய்ப் பழகிய குரல் அது; பீடம் வரை கேட்டது. "ஐயா, அடுப்பு பத்தவே இல்லைங்க. அவங்களுக்கும் இன்னைக்குத்தான் நோன்பாம். வெளிய தெரு வரைக்கும் நிக்கிறாங்க. தையக்காரரு ஊசி போட்டுட்டு உக்காந்திருக்காரு. நான் உண்டுன்னு சொல்லிட்டேங்க."

போதகர் பீடத்தில் நின்றபடி செயலாளரைப் பார்த்தார். முன்வரிசைப் பெரியவர்களைப் பார்த்தார். வருஷத்தில் இந்த ஒரு ஆராதனையைப் பாதியில் நிறுத்தியவர் எங்கள் கோயில் சரித்திரத்தில் இல்லை. அடுப்பு மூட்டக் கூடாத நாள் வேறு. அந்த இடத்தில் எனக்கு வந்த கோபத்தை நான் மறைக்கப்போவதில்லை. யோசிக்க இதில் என்ன இருக்கிறது என்று கத்தியிருப்பேன். அதற்குள் பின்னாலிருந்து ஒரு சத்தம். சாவிக்கொத்துச் சத்தம். கோயில்பிள்ளை எழுந்துவிட்டார். யாரிடமும் உத்தரவு கேட்கவில்லை. பக்கவாட்டுக் கதவு வழியாக நடையைக் கட்டினார். அவர் பின்னால் சமையல் அக்கா, அவர் பின்னால் நான், எனக்குப் பின்னால் பாதிக் கோயில். கடைசியில் போதகர் அங்கியைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு வந்தார் என்று கேள்வி. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

நாங்கள் முற்றத்துக்குப் போய்ச் சேரும்போது எதிர்ப்பக்கத்திலிருந்து பழைய கோயில்காரர்கள் கறுப்பு உடையோடு வந்துகொண்டிருந்தார்கள், பெரியம்மா முன்னால், தாடிச் சாமியார் அரிசி மூட்டையோடு. சில வீடுகளிலிருந்து வாழைப்பழம், ரொட்டி, பால் வந்தது. தையற்காரருக்குப் பாலில் சர்க்கரையை அள்ளிப் போட்டுக் குடிக்க வைத்தார், சத்தம் கேட்டுத் தன் ஆட்களோடு டயர் கடை மாடியிலிருந்து இறங்கி வந்திருந்த மாடிச்சபைப் பாஸ்டர். ஒரே பானையில் அரிசி, பருப்பு, இருந்த காய் எல்லாம். மூன்று சபைகளும் ஒரே அடுப்பைச் சுற்றி நின்றது அதுதான் முதல் தடவை. சண்டையும் இல்லாமல் இல்லை. "காரம் போதும்", "எங்க பக்கம் இப்படிப் போட மாட்டோம்" என்று அந்த அவசரத்திலும் இரண்டு அத்தைமார் கரண்டிக்கு இழுபறி.

கொதி வந்த பிறகுதான் அடுத்த இடி. உப்பு யார் பார்ப்பது? அடுப்பைச் சுற்றி நிற்கிற அத்தனை பேரும் நோன்பு. சமையல் அக்கா கரண்டியோடு சுற்றிலும் பார்த்தார்.

"கண்டக்டர் தம்பி, நீங்க வாங்க" என்றார்.

"எல்லாரும் ஏறின பொறவுதான்க்கா நான் ஏறுவேன்." கடைசி ஆள் சாப்பிடும்வரை அவர் ஒரு பருக்கை தொட மாட்டார்.

"உப்பு பாக்கறது சாப்பாட்டுல சேராது. வாயத் திறங்க!"

திறந்தார். ஒரு பிடி உப்பு குறைச்சல் என்றார். அவருக்குக் கண் அங்கே இல்லை. வந்ததிலிருந்து வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தார். பாதிக்கு மேல் அப்படியே நின்றிருந்தார்கள், அவர் வார்த்தைக்காக. போயிருந்த சிலரும் புகையைப் பார்த்துத் திரும்பி வந்தார்கள். வேலிக்கதவு உடையவில்லை, ஒருவர் மேல் ஒருவர் கை வைக்கவில்லை. ஆனால் நடுவில் ஓர் இடம் காலியாக இருந்தது.

"பிள்ளைங்களோட ஒரு அம்மா நின்னாங்களே?" என்று கேட்டார்.

"இப்பத்தான் போச்சு" என்றான் பிரேக் டவுன் என்று கத்தியவன். இப்போது அவன் முகத்தில் கிண்டல் இல்லை. "சின்னது அழுதுட்டே இருந்துச்சு. ரொட்டி தர்ற இடத்துக்குப் போறேன்னுச்சு. அங்க மூடியிருப்பாங்கன்னு சொன்னேன். கேக்கல."

எல்லாருக்கும் பரிமாறினோம். நோன்பு இருப்பவர்கள் மணக்க மணக்கச் சோறு போட்டோம். எனக்கு ஒரு நிமிஷம் தலை சுற்றியது, பொய் சொல்லவில்லை. எல்லாருக்கும் போதுமானதாக இருந்தது. தையற்காரர் இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டார். கண்டக்டர் ஒரு தூக்குவாளியில் மூன்று பேருக்குப் போட்டு மூடி, எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஸ்டேஷன் பக்கம் போனார், மூடியிருந்தது. மேம்பாலத்தின் அடியில் பார்த்தார், பேருந்து நிலையத்தில் ஒவ்வொரு பெஞ்சாகப் பார்த்தார். ஆஸ்பத்திரி வாசலிலும் விசாரித்திருக்கிறார். பொழுது சாய்ந்த பிறகு அதே வாளியோடு திரும்பி வந்தார். சோறு ஆறிப்போயிருந்தது. மகள் வந்து கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிப்போனாள். அவரை அன்றைக்கு யாராலும் சாப்பிட வைக்க முடியவில்லை.

பிறகு எல்லாம் மாறியது. சமையற்கட்டுச் சாவி ஒன்று அவரிடமும் வந்தது. அடுப்பைத் தன் கண்ணால் பார்க்காமல் வரிசைக்கு ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். பெரிய வெள்ளி நெருங்கினால் மூன்று கோயிலுக்கும் நேரில் போய், தாடிச் சாமியாரானாலும் செயலாளரானாலும், "சமைக்கிறது நீங்களா, அவங்களா? மரியாதை எல்லாம் வேண்டாம், பேரைச் சொல்லுங்க" என்று நிற்பார். எல்லாரும் பயந்துகொண்டே பதில் சொல்வார்கள்.

மறு வருஷம் சமையற்கூடத்தின் ஆண்டு விழா. மூன்று சபையும் கூடியிருந்தது. நாற்காலி, மேடை, மைக் எல்லாம் பலமாக இருந்தது. மாடிச்சபைப் பாஸ்டருக்கு மைக் கிடைத்தால் சும்மா விடமாட்டார். அந்த வெள்ளிக்கிழமையின் கதையை எடுத்தார். கறுப்பு உடை, அரிசி மூட்டை, உப்பு பார்த்த கதை எல்லாம் சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தார். முடிவில் கையை உயர்த்தி, "அன்னைக்கு நம்ம வாசல்லருந்து ஒருத்தர்கூடப் பசியோட திரும்பிப் போகல!" என்றார். கைதட்டல் கூரையைப் பிளந்தது.

கடைசி வரிசையில், பாத்திரங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கண்டக்டர் எழுந்தார்.

"போனாங்க" என்றார்.

கைதட்டல் ஒவ்வொன்றாக அடங்கியது. பாஸ்டர் மைக்கைக் கீழே இறக்கினார். "யாருங்கண்ணே?"

"ஒரு அம்மா. ரெண்டு பிள்ளைங்க. அன்னைக்கு வேற எடத்துல ரொட்டி கிடைச்சிருக்கும் அவங்களுக்கு. போறேன்னுதான் சொன்னாங்க. நான்தான் நில்லுங்கன்னேன்." அவர் குரல் அன்று முன்வரிசை வரைக்கும் போகவில்லை, எல்லாரும் திரும்பி உட்கார்ந்து கேட்டோம். "இன்னும் தேடிட்டுத்தான் இருக்கேன்."

எங்கள் போதகர் எழுந்து நின்றார். "நாங்களும் தேடறோம். அவங்க பேரு என்ன?"



"கேக்கலைங்க. நாளைக்கும் வருவாங்கதானேன்னு இருந்துட்டேன்."